அப்பா நியமித்த ரைவல்

நம் காலைநடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் சென்ற வாரம் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார்: சின்ன வயதில் உங்கள் ரைவல் யார்? எல்லாரும் மாத்திரை போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் போலிருக்கிறது, பத்து நிமிடத்தில் நாற்பது பதில்கள். ஓட்டப் பந்தயத்தில் முந்தியவர், நாடகத்தில் ராஜா வேஷத்தைத் தட்டிப் பறித்தவர், கோயில் பாட்டுப் போட்டியில் வெள்ளிக் குத்துவிளக்கைக் கொண்டு போனவர் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல். அறுபத்தைந்தைத் தாண்டியும் நமக்கு எதுவும் மறக்கவில்லை, மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதைத் தவிர.

நான் மட்டும் பதில் போடவில்லை. உங்களுக்கெல்லாம் ரைவல் தானாக அமைந்திருக்கிறது. எனக்கு ஒருத்தி நியமிக்கப்பட்டாள். நியமித்தவர் என் அப்பா. அதைக் கட்டைவிரலால் தட்டி முடிக்க முடியாது என்பதால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள், மற்றவர்கள் வழக்கம்போல் பூப்படம் போட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாங்கள் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. முன்வரிசையில் ஆபீஸ் கிளார்க்குகளுக்கு இரண்டறை வீடுகள், பின்வரிசையில் தண்டவாள வேலை செய்கிறவர்களுக்கு ஓரறை வீடுகள், நடுவில் ஒரு சாக்கடை. அப்பா கிளார்க். யாழ்ப்பாண வழி. அவருடைய அப்பா காலத்திலேயே ரயில்வே வேலைக்கென்று கப்பலேறி வந்துவிட்ட குடும்பம். ஆனாலும் எங்கள் வீட்டுக்குள் பேசிய தமிழ் மட்டும் கப்பலை விட்டு இறங்கவே இல்லை. உள்ளே 'ஓம்', பின்கதவைத் தாண்டினால் 'ஆமா' என்று எனக்கு இரண்டு நாக்குகள்.

அப்பாவுக்குச் சாமி அறையில் இருந்த படங்களுக்கு அடுத்தபடியாகப் பக்தி ஒரு ஆங்கில அகராதியின் மேல். செங்கல் கனம், ஓரத்தில் எழுத்து வாரியாக விரல் வைக்கப் பிறை வடிவில் வெட்டியிருக்கும். பக்கங்களைத் திறந்தால் கற்பூரமும் ஈரமும் கலந்த ஒரு மணம். அது எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. வீடு மாறியபோது மழையில் நனைந்திருக்கலாம், யாராவது எடைக்குப் போட்டிருக்கலாம். அந்த அகராதியிலிருந்து தினமும் ஒரு சொல். அவர் ஆபீஸ் பழைய பேரேட்டில் எனக்காக மூன்று பத்திகள் கோடு போட்டு வைத்திருந்தார். பொருள், பயன்பாடு, பிறப்பு. வேலை முடிந்து வந்ததும் நான் எழுதியாக வேண்டும். மற்ற பிள்ளைகள் நொண்டி விளையாடும் சத்தம் பின்னாலிருந்து கேட்கும், நான் லத்தீனில் நொண்டிக்கொண்டிருப்பேன்.

எனக்குப் பதினொரு வயது அப்போது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. பின்வரிசைக்குப் போகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அங்கே போய் என்ன கதை என்பார். கோபமாகக்கூடச் சொல்லமாட்டார், குடையை எடுத்துக்கொண்டு போ என்பதுபோல் சாதாரணமாகச் சொல்வார். எனவே பள்ளி விட்டு வந்தால் அப்பா, அம்மா, அகராதி. இதுதான் என் உலகம். தனிமை என்ற சொல்லைப் பேரேட்டில் எழுதியபோது பயன்பாட்டுக்கு நான் வாக்கியம் தேடவேண்டியிருக்கவில்லை.

அந்த வருடம் பிப்ரவரியில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. கோலாலம்பூர் முழுக்கப் பங்கீடு. எங்கள் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் ஏறவில்லை. பின்வாசலில் சாக்கடையோரம் தாழ்வாக இருந்த ஒரு குழாயில் மட்டும் மாலையில் நூல்போல வரும். அதில் எங்கள் வீடும் எங்களுக்கு நேர் பின்னால் இருந்த வீடும் பிடித்துக்கொண்டோம். பின்வீட்டுக்காரர் தண்டவாள கேங்கில் வேலை பார்த்தார். கறுத்து, நெடுநெடுவென்று, பேசுவதற்கு முன் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொள்ளும் மனிதர். நான் அவரை அங்கிள் என்பேன். அவருடைய மகள் என் வகுப்பில்தான் படித்தாள், எனக்குப் பின் மேஜையில். போன மாதச் சோதனையில் அவள் முதலாவது, நான் நாலாவது. அந்த நாலு எங்கள் வீட்டில் ஒரு சாவு வீட்டு அமைதியை உண்டாக்கியிருந்தது.

அன்றைய சொல் 'ரைவல்'. பொருளில் எழுதினேன்: தான் அடைய நினைப்பதையே அடைய நினைக்கும் மற்றவர். பயன்பாடு அப்பா சொன்னது, நானும் என் ரைவலும் ஒரே பரீட்சைக்கு உட்கார்ந்தோம். பிறப்பை அவர் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். லத்தீன். ஓடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறவர்கள். இரண்டு பேருக்கும் அதே தண்ணீர் வேண்டும், அதனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, அப்படி வந்த சொல் என்று விளக்கினார். சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தார். குழாயடியில் பின்வீட்டுப் பெண் வாளியை வைத்துவிட்டு, கையில் இருந்த புத்தகத்தைப் படித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா அகராதியை மூடினார். அவர் முகத்தில் விடை கிடைத்துவிட்ட வெளிச்சம்.

"பிள்ளை, அவள்தான் உன்ர ரைவல்."

அகராதி சொன்னால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. ஒரு சொல்லின் வரலாற்றை வீட்டு நிர்வாகத்துக்கான உத்தரவாக எடுத்துக்கொள்ள என் அப்பாவால் மட்டுமே முடியும். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள், ஒரே வகுப்பில் படிக்கிறார்கள், இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஒரு ரைவல் இல்லாததால்தான் நான் நாலாவது வந்தேன் என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் அகராதி, பின்னால் நான். சாக்கடைமேல் போட்டிருந்த பலகையைத் தாண்டி அப்பா முதல்முறையாகப் பின்வரிசைக்குப் போனார். கேங்க் அங்கிள் பனியனோடு சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர், பதறி எழுந்து சட்டை எடுக்க ஓடினார். கிளார்க் வீடு தேடி வந்தால் வேலைக்கு வேட்டு என்றுதானே நினைப்பார். அவர் திரும்பி வந்ததும் அப்பா, இன்று முதல் உங்கள் மகள் என் மகளுக்கு ரைவல் என்று அறிவித்தார். ரைவல் என்றால் என்ன என்பதையும், அது எந்த ஓடையிலிருந்து வந்தது என்பதையும் நின்றபடியே விளக்கினார். அங்கிள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். அதற்குத் தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

அப்பா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். போட்டி நியாயமாக நடக்க வேண்டும். எனவே இருவருக்கும் ஒரே நேரம், ஒரே மேஜை, ஒரே வெளிச்சம். தினமும் மாலை நாலரையிலிருந்து ஆறு வரை எங்கள் வீட்டில், அவர் கண்காணிப்பில். மாதச் சோதனை முடிந்ததும் இரண்டு ரிப்போர்ட் கார்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்றுதான் தோன்றியது. தினமும் தோற்கப்போகிறேன், அதுவும் என் வீட்டு மேஜையிலேயே.

அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரிங்க சார். ஆனா ஒண்ணு. உங்க பிள்ளை தோத்தா நீங்க ஏசக்கூடாது. எம்பிள்ளை தோத்தா நானும் ஏசமாட்டேன்."

அப்பா அந்த நிபந்தனையை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

இப்படித்தான் என் ரைவல் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. தோழி என்று சொல்லியிருந்தால் அவள் பின்கதவைத் தாண்டியிருக்க முடியாது. ரைவல் என்றதும் அம்மாவே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

முதல் நாள் அப்பா எங்களுக்கு நடுவில் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி ஒரு மதில் கட்டினார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் வியர்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து தேங்காய் எண்ணெய் வாசமும், சலவைச் சோப்பு வாசமும், பென்சில் கரகரவென்று ஓடும் சத்தமும் வந்தன. அவள் நிறுத்தவே மாட்டாள் போலிருந்தது. தூரத்தில் ரயில் பெட்டிகளைக் கோக்கும் சத்தம் கேட்கும்போது மட்டும் பென்சில் ஒரு கணம் நிற்கும். அவளுடைய அப்பா அங்கேதான் இருப்பார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஐந்தே முக்காலுக்கு அப்பா குளிக்கப் போவார். பஞ்ச காலத்தில் இரண்டு குவளைத் தண்ணீர்தான், ஆனாலும் தேவாரம் முழுதாகப் பாடி முடித்துத்தான் வெளியே வருவார். கால் மணி நேரம். மூன்றாம் நாள் தேவாரம் தொடங்கியதும் மதிலுக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"நீ அழுவுறியா?"

இல்லை என்றேன். கணக்குப் புத்தகத்தில் ஒரு சொட்டு விழுந்து பரவியிருந்ததை அவள் பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் என் நோட்டை இழுத்து, நான் அரை மணியாகப் போராடிக்கொண்டிருந்த கணக்கை இரண்டு வரியில் முடித்துக் காட்டினாள். பதிலுக்கு நான் அவளுடைய ஆங்கிலக் கட்டுரையில் காலங்களைத் திருத்திக் கொடுத்தேன். தேவாரம் முடிவதற்குள் மதில் பழையபடி நின்றது.

அதற்குப் பிறகு அந்தக் கால் மணிக்காகவே நான் நாள் முழுவதும் காத்திருந்தேன். அவள் கணக்கு சொல்லித் தந்தாள், நான் இங்கிலிஷ் சொல்லிக் கொடுத்தேன். மிச்ச நேரத்தில் சிரித்தோம். எதற்குச் சிரித்தோம் என்று கேட்காதீர்கள், அந்த வயதில் அதற்குக் காரணம் வேண்டியதில்லை. எனக்கு முதல்முறையாக ஒரு ஆள் கிடைத்திருந்தாள். அவ்வளவுதான்.

ஒரு நாள் அப்பா ஒரு விதி போட்டார். ஒருவரே மூன்று முறை தொடர்ந்து வென்றால் அது போட்டியே இல்லை, அப்போது வேறு ரைவல் பார்க்க வேண்டும் என்றார். அவர் மனதில் இருந்தது யாழ்ப்பாணத்தார் சங்கத்து ஞாயிறு வகுப்புக்கு வரும் ஒரு டாக்டர் வீட்டுப் பெண். என்னோடு பேசும்போதெல்லாம் ஏதோ நாற்றத்தை முகர்ந்தவள்போல் மூக்கைச் சுருக்குகிறவள். அன்று தேவாரத்தின்போது ரைவலிடம் சொன்னேன். அவள் பென்சில் முனையைக் கடித்தபடி யோசித்தாள். பிறகு, ஒரு மாதம் அவள், ஒரு மாதம் நான் என்றாள். தோற்க வேண்டியவள் ஒரு கேள்வியை எழுதாமல் விட்டுவிட வேண்டும்.

மார்ச்சில் அவள் முதலாவது, நான் இரண்டாவது. ஏப்ரலில் நான். மே மாதம் அவள். ஜூனில் நான். எப்போதும் மூன்று நாலு மார்க் வித்தியாசம். அப்பா இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் வைத்து, குதிரைப் பந்தயம் பார்க்கிறவர்போல மகிழ்ந்தார். ரைவலின் மகிமையை ஆபீஸில் எல்லாரிடமும் சொன்னார். பெரியவர்கள் சந்தேகப்படாமல் இருக்கக் குழாயடியில் நாங்கள் முறைத்துக்கொள்வோம், வாளியை இடித்துக்கொள்வோம். அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. படிப்பில் போட்டி சரி, இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வது வடிவா என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கடிந்துகொண்டு, சமாதானத்துக்காகப் பயத்தம் பணியாரம் இரண்டை அவளிடம் கொடுக்கச் சொன்னார். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். பணியாரத்தை முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே வாங்கித் தின்ன அவளால் முடியும். என்னால்தான் பார்த்துக்கொண்டு சிரிக்காமல் இருக்க முடியாது.

அவள் வீட்டு நிலைமையையும் அந்தக் கால் மணிகளில்தான் அறிந்தேன். கிள்ளானில் அவளுக்கு ஓர் அத்தை. அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இவளை அனுப்பி வை, பொட்டப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு போதும் என்று அங்கிளைக் குடைந்துகொண்டிருந்தார்கள். அங்கிள் பிடி கொடுக்கவில்லை. ஆனால் அத்தையிடம் ஒரு வாக்கு கொடுத்திருந்தார். பள்ளியிலிருந்து அவளைப் பற்றி ஒரே ஒரு புகார் வந்தாலும் அன்றே நிறுத்தி அனுப்பிவிடுவதாக. இதைச் சொல்லும்போது அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று இரவு சோறு இறங்கவில்லை.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதென்று நினைக்குமாம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஜூலையில் ஒரு நாள் வகுப்பு மிஸ் எங்கள் இருவர் கையிலும் கடிதம் கொடுத்தார். அப்பாமார் மறுநாள் பள்ளிக்கு வரவேண்டும்.

மிஸ் கெட்டவர் இல்லை. கஞ்சி போட்ட சேலையும், கைப்பையில் எப்போதும் ஒரு எலுமிச்சை மிட்டாய் டப்பாவுமாக இருப்பார். வகுப்பு முடிந்த அறையில் அவர் எங்கள் நால்வரையும் நிற்க வைத்து, நாலு மாதச் சோதனைத் தாள்களை மேஜையில் விரித்தார். கணக்குத் தாளில் இருவரும் ஒரே மாதிரி வழி போட்டிருந்தோம். பள்ளியில் யாரும் சொல்லித் தராத வழி. ஆங்கிலத்தில் ஒரே மாதிரி வாக்கியங்கள். பின் மேஜைக்காரி முன் மேஜைக்காரியைப் பார்த்து எழுதுகிறாள் என்று மிஸ் முடிவு கட்டியிருந்தார். யார் யாரைப் பார்த்து என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கிளார்க் மகள் கேங்க்காரர் மகளைப் பார்த்து எழுதுவாளா? அவளுடைய கார்டில் காப்பியடித்தாள் என்று எழுதி, அவளைக் கடைசிப் பிரிவுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்.

அப்பா கேங்க் அங்கிளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதைவிட மோசம், பரிதாபம் இருந்தது. அவரும் நம்பிவிட்டார். ஐந்து மாதம் கண் முன்னால் உட்கார்ந்து அந்தப் பெண் படித்ததைப் பார்த்த என் அப்பாவும் நம்பிவிட்டார். அங்கிள் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ரைவலும் தரையைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒப்பந்தத்தைச் சொன்னால் என் குட்டு வெளிப்படும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

நான் அப்போது போட்ட கணக்கு எளிமையானது. பேசாமல் இருந்தால் அவள் கிள்ளானுக்குப் போய்விடுவாள். பேசினால் அப்பா மேஜையை மூடிவிடுவார், அவளை நான் இழப்பேன், ஆனால் அவள் பள்ளிக்கூடத்திலாவது இருப்பாள். இரண்டிலும் எனக்கு நட்டம்தான். அவளுக்கு ஒன்றில்தான் நட்டம்.

"அவ என்னைப் பாத்து எழுதல மிஸ். அந்தக் கணக்கே அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா."

மிஸ் நம்பவில்லை. தோழியைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று நினைத்தார் போலும். சாக்பீஸை ரைவலிடம் நீட்டி, பலகையில் ஒரு பெருக்கல் எழுதினார். தொண்ணூற்றெட்டை முப்பத்தாறால் பெருக்க வேண்டும். அவள் போய் நின்றாள். மூவாயிரத்து அறுநூறு என்று எழுதினாள். கீழே எழுபத்திரண்டு என்று எழுதிக் கழித்தாள். மூவாயிரத்து ஐந்நூற்று இருபத்தெட்டு. மிஸ் கையைக் கட்டியிருந்தவர் அவிழ்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

பலகையையே பார்த்துக்கொண்டிருந்த அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"இது நாங்க கட்ட எண்ணுற கணக்குங்க. தண்டவாளத்துக் கட்டைய நூறு நூறா அடுக்குவோம். எது கொறையுதோ அத மட்டும் எண்ணுவோம்."

மிஸ் தாள்களைப் புரட்டி அந்த வழியைத் தேடினார், ஒவ்வொன்றிலும் அது இருந்தது. அப்படியென்றால் விட்டுப்போன கேள்விகள் என்ன, ஒரு மாதம் இவள், ஒரு மாதம் அவள் என்று முறை வைத்து விட்டிருக்கிறார்களே என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். தேவாரம், மதில், மூன்று முறை விதி, டாக்டர் வீட்டுப் பெண், பயத்தம் பணியாரம் முதற்கொண்டு. சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனது. மிஸ் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் வெகுநேரம் குனிந்திருந்தார். கடைசியில் கார்டில் எதுவும் எழுதப்போவதில்லை என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் ரைவலின் கையில் இருந்த சாக்பீஸை வாங்கும்போது அவள் விரல்களைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அப்பாமார் முன்னால், நாங்கள் பின்னால். கோயிலைத் தாண்டியதும் அப்பா திரும்பாமலே கேட்டார்.

"இவ்வளவு நாளும் என்னைப் பேய்க்காட்டினீங்களோ?"

ஏமாற்றினீர்களா என்ற அந்தக் கேள்விக்கு நாங்கள் இருவரும் ஓம் என்றோம். பயத்தில் அவளும் ஓம் என்றாள். சாக்கடைப் பலகையருகே பிரிந்தோம். அவள் போகும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். நன்றி என்றா, முடிந்துவிட்டது என்றா, எனக்குத் தெரியவில்லை. அவள் பள்ளியில் இருப்பாள் என்ற நிம்மதியும், இனி என் மேஜையில் இருக்கமாட்டாள் என்ற வேதனையும் சேர்ந்தே வந்தன.

நாலரை ஆனது. நான் மேஜையில் தனியாகப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். அப்பா பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று எழுத ஆசைதான், ஆனால் நேராகத்தான் பிடித்திருந்தார். பக்கம் மட்டும் திருப்பவில்லை. அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம்கூட இல்லாமல் நின்றார்.

பின்கதவு தட்டப்பட்டது. கேங்க் அங்கிள், குளித்து, அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து மாட்டிய அதே சட்டையில். பின்னால் அவள், மார்போடு புத்தகங்களை அணைத்துக்கொண்டு. வேலைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

"போட்டி முடிஞ்சிருச்சு சார், தெரியும். பிள்ளை படிக்க மட்டும் வரலாமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

பெரியவர்கள் இவ்வளவு எளிமையாக ஒன்றைக் கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை. அப்பா பத்திரிகையை மடித்தார். எழுந்தார். போட்டிக்கு ஒரு ஆள் தேடினாரே தவிர, மகளுக்கு ஒரு ஆள் இல்லை என்பது அந்தக் கணம்வரை அவருக்குத் தோன்றியதே இல்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. நல்ல மனிதர்தான், ஆனால் அகராதியில் பார்க்காமல் எதையும் அவருக்குப் பார்க்கத் தெரியாது. மேஜைக்கு நடுவில் நிறுத்தியிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார்.

"வாரும் பிள்ளை, இரும்."

என் வயதுப் பெண்ணை அவர் மரியாதை போட்டுக் கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன். அங்கிளுக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். அங்கிள் அதன் நுனியில் உட்கார்ந்தார். அம்மா தேநீர் கொண்டு வந்தார். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து வைத்து நன்றாக அழுதேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

அவளைப் பற்றிக் கேட்பீர்கள். கிள்ளானுக்குப் போனாள், ஆனால் முப்பது வயதில், கணக்கு டீச்சராக, சொந்தக் காரில். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். மூட்டு வலி, சர்க்கரை, நம் எல்லாருக்கும் உள்ள சொத்துதான். நான் இதை எழுதப்போகிறேன் என்று ஃபோனில் சொன்னேன். குழாயடியில் அவள் என்னைத் தள்ளிவிட்ட வடு இன்னும் என் முட்டியில் இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஜூலை மாதச் சோதனையைப் பற்றி. ஒப்பந்தம் இல்லாமல், ஒரு கேள்வியும் விடாமல், இருவரும் எழுதிய முதல் சோதனை அது. கார்டுகள் வந்தன. அவள் என்னைவிட முப்பத்தொரு மார்க் அதிகம்.

நான் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். மாறவில்லை. முறை வைத்து ஆளுக்கொரு கேள்வியை விட்டுக்கொண்டிருந்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் அவள் தான் வெல்ல வேண்டிய மாதத்திலும் எத்தனையோ இடங்களில் தன்னைத் தானே குறைத்துக்கொண்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ரொம்ப மிஞ்சிட்டா உங்கப்பா வேற ஆளப் பாத்துருவாருன்னு பயம்லா."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்கும் நான் வேண்டியிருந்தேன் என்பது அந்த முப்பத்தொரு மார்க்கில் எனக்குத் தெரிந்தது. அப்பா இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் அவள் பக்கம் திரும்பி, அந்தக் குறைவதை எண்ணும் கணக்கைத் தனக்கும் ஒருதரம் சொல்லித் தரும்படி கேட்டார். அவள் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்துச் சொல்லத் தொடங்கினாள்.

அந்த வருடம் முடியும்வரை நான் இரண்டாவதாகவே வந்தேன். மூன்று முறை அல்ல, தொடர்ந்து நாலு முறை. ஒவ்வொரு மாலையும் நாலரைக்கு அவள் வந்துகொண்டிருந்தாள்.